சுந்தராம்பாள் என்றொரு கட்டளை இல்லை

"சாமியைத் தனியா கூப்பிடக் கூடாதுப்பா. அம்பாளோட சேத்துத்தான் கூப்பிடணும்" என்றார் சண்முகசுந்தரம்.

"கூப்பிடுங்க சார். வந்தா எல்லாருக்கும் நல்லதுதானே" என்றான் அஸ்ஃபாக்.

கோவில்பத்தில், கீழே மருந்துக்கடையும் மேலே கம்பெனியுமாக இருந்த கட்டடத்தின் மாடியில் அன்று வெள்ளிக்கிழமை பூஜை. சர்வர் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது. எலுமிச்சம்பழம் காவலுக்கு உட்கார்ந்திருந்தது. கேசரி தயாராக இருந்தது. முதலாளி சண்முகசுந்தரம் விசைப்பலகையைத் தொடுவதுதான் பாக்கி.

அந்தக் கம்பெனி செய்து விற்பது ஒரே ஒரு பொருள்தான். 'தோணி' என்று பெயர். நிரல் எழுதுகிறவர்கள் எழுதி முடித்ததை ஏற்றிக் கோத்து, ஓடுகிற நிலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற கருவி. அப்படி ஏற்றுகிற ஒவ்வொரு நிரல் கட்டுக்கும் அங்கே 'வேலை' என்று பேர். எந்த வேலையை ஏற்ற வேண்டும் என்று அதன் பெயரைச் சொன்னால் போதும், மீதியைத் தோணியே பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் ஒரு சாமி பெயர் வைப்பது சண்முகசுந்தரத்தின் வழக்கம். போன தடவை அம்பகரத்தூர் காளி. அதற்கு முன்னால் திருநள்ளாற்று ஈஸ்வரன். இந்தத் தடவை பெங்களூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனி, ஆயிரக்கணக்கான நிரல்காரர்களை வைத்திருக்கிற கம்பெனி, தோணியை வாங்கப் போகிறது. அதனால் சொந்த ஊர் சாமியே வேண்டும் என்று முடிவு.

புதுப் பதிப்பையும் தோணியிலேயே ஏற்றுவதால், அது பெயர் கேட்ட இடத்தில் கைலாசநாதர் என்று அடித்தார். 'உடனுறை' என்று ஆங்கில எழுத்தில் அடிக்க நீளமாக இருந்ததால் நடுவில் & என்று ஒரு குறியைப் போட்டார். சுந்தராம்பாள் என்று முடித்தார். கண்ணை மூடிக்கொண்டு தட்டினார்.

கறுப்புத் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. சுந்தராம்பாள் என்றொரு கட்டளை இல்லை.

சிரிப்பு வெடித்தது.

"அம்பாளைப் போய் வேலை ஏவினா வருவாங்களா சார்? அவங்கதான் நம்மளை ஏவணும்" என்றாள் கணக்கு வழக்கைப் பார்க்கும் நபீசா.

"நகருங்க சார், நகருங்க" என்று அஸ்ஃபாக் குனிந்து, அந்தக் குறியை எடுத்துவிட்டு ஒரு சின்னக் கோட்டைப் போட்டான். தோணி ஓடியது. கற்பூரம் எரிந்தது. கேசரி கைமாறியது.

சிவப்ரியா மட்டும் கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி நின்றாள். பக்கத்து ஊரான நெரவியில் வைத்தியலிங்கத்தின் பெண். நாலு வருஷமாகத் தோணியைச் சோதித்துப் பார்க்கிற வேலை அவளுடையது. விற்பதற்கு முன்னால் உடைத்துப் பார்க்க வேண்டும். உடைந்தால் சொல்ல வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

"என்ன ப்ரியா, ஆறிப்போவுது பாரு" என்றான் அஸ்ஃபாக்.

"அண்ணே, அது எதுக்கு சுந்தராம்பாளைத் தேடிச்சு?"

"எது?"

"தோணி. நாம குடுத்தது பேரு. பேரைப் பேரா வச்சுக்க வேண்டியதுதானே? பாதியை வெட்டி எடுத்து, இது ஒரு கட்டளை, போய்ச் செய்யின்னு மெஷின்கிட்ட குடுத்திருக்கு. மெஷினும் தேடிப் பாத்துட்டு, அப்படி ஒரு கட்டளை எங்கிட்ட இல்லைங்குது."

"ஆமா. இல்லைன்னுடுச்சுல்ல. விடு."

"இருந்திருந்தா?"

அஸ்ஃபாக் மெல்லுவதை நிறுத்தினான்.

"இருந்திருந்தா ஓடியிருக்கும்" என்றான் மெதுவாக.

"அதான்."

மத்தியானமே அவள் தன் கணினியில் ஒரு சின்ன வேலையைத் தயார் செய்தாள். அதற்குள் சுந்தராம்பாள் என்ற பெயரில் ஒரு துளிக் கட்டளையை எழுதி வைத்தாள். வேலையின் பெயரிலேயே, காலையில் முதலாளி போட்ட அதே குறிக்குப் பின்னால், அந்தக் கட்டளையைக் கூப்பிடும்படி ஒட்டினாள். பிறகு, எதுவும் தெரியாத ஒருத்தி திறப்பதைப்போலத் தோணியில் திறந்தாள்.

திரையில் வந்தது: 'கூப்பிட்டீங்க, வந்துட்டேன். – சுந்தராம்பாள்.'

அஸ்ஃபாக் எட்டிப் பார்த்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு அவனும் நிறுத்திக்கொண்டான்.

"நான் ஒரு வரி எழுதச் சொன்னேண்ணே. எழுதிடுச்சு. எல்லாத்தையும் அழிச்சிடுன்னு சொல்லியிருந்தா அழிச்சிருக்கும். கடவுச்சொல்லையெல்லாம் பொறுக்கி எனக்கு அனுப்புன்னா அனுப்பியிருக்கும். யாரோ அனுப்புன வேலையை நாம ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறக்கிறோம்?"

"அதுக்குக் கணக்கு ஏது?"

"தோணியை ஏற்கெனவே வாங்கி வச்சிருக்கிறவங்களும் அப்படித்தானே திறந்துக்கிட்டிருப்பாங்க?"

அந்தச் சின்ன வேலையை அப்படியே முதலாளிக்கு மெயிலில் அனுப்பிவிட்டு, அவள் எழுந்து அவர் அறைக்குப் போனாள்.

* * *

சண்முகசுந்தரம் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்ததும் நாற்காலியில் சாய்ந்தார்.

"அந்தக் குறியைப் போட்டது நான். இனிமே போடல. முடிஞ்சுதா?"

"நீங்க போட மாட்டீங்க சார். போடணும்னு நினைக்கிறவன் போடுவான்."

"வேலைக்கு அப்படிப் பேர் வைக்கிற பைத்தியக்காரன் எவன் இருக்கான்?"

"திருட வர்றவன் பைத்தியக்காரனா சார்?"

அவருக்கு அது பிடிக்கவில்லை. மேஜை மேலிருந்த ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். பெங்களூர்க் கம்பெனி அனுப்பியது. கீழே ஒரு வரி அச்சாகி இருந்தது: 'இக்கருவியில் தெரிந்த பாதுகாப்புக் குறைகள்: இல்லை.' அதற்கடியில், சோதித்தவர் கையெழுத்து.

"செவ்வாக்கிழமை அவங்க முடிவு பண்றாங்க. இது திங்கக்கிழமை போயாவணும். இதைப் போட்டுட்டு நீ பாட்டுக்கு உக்காந்து மெதுவா சரி பண்ணு. யார் வேண்டாங்கிறா?"

"சரி பண்ணிட்டுப் போடுறேன் சார். மூணு வாரம் குடுங்க. ஒரு இடம்னா இன்னிக்கே முடிச்சிடுவேன். தோணி பேரை வாங்கி மெஷின்கிட்ட குடுக்கிற இடமெல்லாம் இப்படித்தான் இருக்கு. ஒவ்வொண்ணா தேடணும். வாங்கி வச்சிருக்கிறவங்களுக்கும் சொல்லணும், அதுவரைக்கும் தெரியாதவங்க வேலையைத் திறக்காதீங்கன்னு."

"தம்பட்டம் அடிக்கச் சொல்றியா? நம்ம சரக்கு ஓட்டைன்னு நாமே?"

"ஓட்டையை நாம சொல்லலைன்னா அதுல நுழைஞ்சவன் வந்து சொல்லுவான் சார்."

"ஏம்மா, நான் முதலாளியா, நீ முதலாளியா?"

"நீங்கதான் சார். அதனாலதான் உங்ககிட்ட முதல்ல வந்தேன்."

"சரிதான். சாயங்காலம் போறதுக்குள்ள போட்டு வச்சிட்டுப் போ."

சாயங்காலம் அவள் போனாள். தாள் மேஜையிலேயே, கண்ணாடிக் குண்டுக்கு அடியில், கையெழுத்து இல்லாமல் இருந்தது.

* * *

"அதுல என்னடி அவ்வளவு பெரிய தப்பு? பேருதானே?" என்றாள் சௌந்தரவல்லி, ஆய்ந்துகொண்டிருந்த மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அம்மா, ரேஷன் கடையில பேர் என்னன்னு கேக்கிறாங்க."

"கேப்பாங்க."

"நீ, சௌந்தரவல்லி, அப்புறம் குடோன் சாவியை எடுத்து எங்கிட்ட குடு, அப்படின்னு ஒரே மூச்சுல சொல்றே. கடைக்காரர் எழுந்து போய் சாவியை எடுத்தாந்து குடுத்துடுறாரு."

"அவன் என்ன கூமுட்டையா?"

"மெஷின் கூமுட்டைதாம்மா. சொன்னதைச் செய்யும். பேர் கேட்ட இடத்துல வந்தது பேரு மட்டும்தான், அதுக்கு மேல ஒண்ணையும் கேக்காதேன்னு நாமதான் நடுவுல நின்னு சொல்லணும். எங்க தோணி அதைச் சொல்லல."

"அப்ப சொல்ல வைங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். அதுக்குள்ள, ஒண்ணும் இல்லைன்னு என்னைக் கையெழுத்து போடச் சொல்றாரு."

சௌந்தரவல்லி இப்போது நிமிர்ந்தாள். "போட்டியா?"

"இல்ல."

"அப்பாகிட்ட சொல்லாதே. அவரு சண்முகசுந்தரம்னா எழுந்து நிக்கிற ஆளு."

அது உண்மைதான். வைத்தியலிங்கம் மட்டுமில்லை, நெரவியில் பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள். பி.இ. படித்த பிள்ளைகள் சென்னை பஸ்ஸுக்கு நிற்காமல் வீட்டிலிருந்தே வேலைக்குப் போய்வர வழி செய்தவர் அவர். அந்த மரியாதையை எப்படிச் செலவழிப்பது என்பதும் அவருக்குத் தெரியும். கம்பெனியில் யாராவது முரண்டு பிடித்தால், அவர்களோடு பேச மாட்டார். தட்டில் பழத்தை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போவார். அப்பனோடு பேசுவார், அம்மாவோடு பேசுவார். சென்னைக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்த ஒரு பையன், அம்மா அழுத அழுகையில் மறுநாளே நாற்காலிக்குத் திரும்பி வந்தான். அதன் பிறகு அவன் வாய்விட்டுப் பேசி யாரும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன்பே அவருடைய கார் நெரவிக்கு வந்துவிட்டது.

* * *

"வாங்க சார், வாங்க வாங்க. சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே" என்று வைத்தியலிங்கம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"என்னண்ணே, நம்ம வீட்டுக்கு வர்றதுக்குச் சொல்லிட்டு வரணுமா?"

டிரைவர் கொண்டுவந்த தட்டை மேஜையில் வைத்தான். ஆப்பிள், சாத்துக்குடி, ஒரு சீப்பு பூவன், நடுவில் வெற்றிலை. சௌந்தரவல்லி தட்டைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், காபி போட உள்ளே போனாள்.

சண்முகசுந்தரம் நடவைப் பற்றிக் கேட்டார், தண்ணீர் வந்ததா என்று கேட்டார். மடிக்கணினிப் பை அவர் காலடியில் இருந்தது. எங்கே போனாலும் அது கூடவே போகும். காபி வந்த பிறகு அந்தத் தாளை எடுத்து வைத்தார்.

"அண்ணே, ப்ரியா எனக்கும் மகதான். நாப்பது குடும்பம் சாப்பிடுற இடம் அது. ஒரு கையெழுத்து. அதைப் போட மாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சைத் தட்டாது."

வைத்தியலிங்கம் என்ன ஏது என்று கேட்கவில்லை. "ஏ ப்ரியா, இங்க வா. சார் கேக்கிறாருல்ல, போட்டுக் குடு."

"அது என்னன்னு தெரியுமாப்பா?"

"எனக்கு என்ன தெரியணும்? சார் தப்பாவா சொல்லப் போறாரு?"

"தப்பாதாம்ப்பா சொல்றாரு."

"ஏய்!"

"குறை இல்லைன்னு எழுதியிருக்கு. குறை இருக்கு. நான் கண்ணால பாத்தேன். கீழ என் பேரு வரும்."

சண்முகசுந்தரம் சிரித்தார். "அண்ணே, ஒண்ணும் இல்லாத சமாச்சாரம். நான் பூஜைக்கு ஒரு குறியைத் தப்பாப் போட்டேன், அதைப் புடிச்சுக்கிட்டு நிக்குது. ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் வராது."

"வராதா சார்?" என்றாள் சிவப்ரியா.

"வராது."

"அப்பச் சரி. போடுறேன்."

வைத்தியலிங்கத்தின் முகம் மலர்ந்தது. "அதான், சொன்னேன்ல. பேனா எங்க?"

"இருங்கப்பா. சார், வெள்ளிக்கிழமை உங்களுக்கு மெயில்ல ஒரு சின்ன வேலை அனுப்பினேனே, பாத்தீங்களா?"

"பாக்கல. நேரமில்ல."

"மெஷின் கையிலதானே இருக்கு. அதைத் தோணியில திறந்துடுங்க. ஒரே தட்டு. நீங்க திறந்தா நான் போட்டுடுறேன்."

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"திறந்துதான் காட்டுங்களேன் சார்" என்றார் வைத்தியலிங்கம், விஷயம் முடிந்தால் போதும் என்ற அவசரத்தில். "புள்ள ஆசைப்படுது. திறந்தா போட்டுடுறேங்குதே."

வேறு வழியில்லை. அவர் மடிக்கணினியை எடுத்து மேஜையில் வைத்துத் திறந்தார். மெயில் வந்தது. வேலையை இறக்கினார். தோணியும் வந்தது. விரல் பொத்தானுக்கு மேலே போய் நின்றது.

"இதுல என்ன வச்சிருக்கே?"

"ஒரு வரி வரும் சார். அவ்வளவுதான்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

சொன்ன பிறகுதான் அவர் காதிலும் அது விழுந்தது போலிருந்தது. அந்த மடிக்கணினியில்தான் அவருடைய வங்கி, வியாபாரம், பெங்களூரோடு பேசிய பேச்செல்லாம் இருந்தது. விரல் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு அவர் மெதுவாக மூடியைச் சாத்தினார்.

"ஏங்க சார், மூடிட்டீங்க?" என்றாள் சௌந்தரவல்லி. அவளுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

சிவப்ரியா சொன்னாள்.

"நாலு வருஷமா என்னைத் தெரியும் உங்களுக்கு. எங்கப்பா எதிர்ல, எங்க வீட்டுல உக்காந்து, ஒண்ணும் இல்லைன்னு நான் சொல்றேன். அப்பவும் திறக்க மாட்டேங்கிறீங்க. முகம் தெரியாதவன் அனுப்புறதைத் தோணியை வாங்குறவங்க மட்டும் திறக்கணுமா சார்? நான் ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுத்ததை நம்பி?"

"ப்ரியா, வாயை மூடு" என்றார் வைத்தியலிங்கம். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது மூடிய மடிக்கணினியை.

சண்முகசுந்தரம் எழுந்தார். "நாளைக்கு நீ வர வேண்டாம்."

"வருவேன் சார். வேண்டாம்னா எதுக்குன்னு எழுதிக் குடுங்க. பொய்க் கையெழுத்து போட மாட்டேன்னுச்சு, அதனால அனுப்பிட்டேன்னு எழுதுங்க. வாங்கிக்கிட்டுப் போயிடுறேன்."

"ரொம்பப் பேசுறே."

"கம்மியாத்தான் பேசுறேன் சார். வாங்கி வச்சிருக்கிறவங்களுக்கு நீங்க சொல்லலைன்னா அப்பத்தான் நிறையப் பேச வேண்டியிருக்கும்."

அவர் காரில் ஏறப் போனபோது, பின்னாலேயே சௌந்தரவல்லி தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"சார், சார், இதை எடுத்துக்கிட்டுப் போங்க."

"இருக்கட்டும்மா, வீட்டுக்குத்தானே கொண்டாந்தேன்."

"இல்லீங்க. தட்டை வாங்கி உள்ள வச்சா சம்மதம்னு ஆயிடும். எங்களுக்குச் சம்மதம் இல்லீங்களே."

டிரைவர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தட்டை வாங்கி முன் சீட்டில் வைத்தான். ஒரு சாத்துக்குடி உருண்டு காருக்குள்ளே விழுந்தது. கதவு அறைந்து சாத்தப்பட்டது.

"உனக்கு எதுக்குடி இந்த வேலை?" என்று கத்தினார் வைத்தியலிங்கம், கார் தெருமுனை திரும்பிய பிறகு. "பழத்தைத் திருப்பிக் குடுக்கிறாளாம் பழத்தை! ஊர்ல நான் எப்படித் தலை நிமிர்றது?"

"கழுத்தைத் தூக்கித்தான்" என்றாள் சௌந்தரவல்லி.

* * *

அன்று முழுக்க அவர் மகளோடு பேசவில்லை. திங்கட்கிழமை காலை அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, பைக்கை உதைத்துக்கொண்டு நின்றார்.

"நடந்தே போறேன்ப்பா."

"பஸ் போயிடும். ஏறு."

பஸ் நிறுத்தத்தில் அவள் இறங்கியதும், எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நீ சொன்னது எனக்கு ஒண்ணும் விளங்கல. அந்தாளு மூடினாரு பாரு, அது விளங்கிச்சு."

"வேலை போயிடும்ப்பா."

"போனா போவுது. அதுக்கு இப்பவே அழுவாதே."

"நான் எங்க அழுவுறேன்?"

"நீ அழலைன்னா சரி" என்று அவர் பைக்கைத் திருப்பினார்.

மாடிப்படியில் அஸ்ஃபாக் காத்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவள் போனில் அவனிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"வல்லாஹி, சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லல ப்ரியா. நபீசாகிட்ட மட்டும்தான்."

"நபீசாகிட்டயா?"

"ஆமா."

"அதுக்கு மைக் வச்சே சொல்லியிருக்கலாம்ணே."

உள்ளே நுழைந்தபோதே தெரிந்தது. எல்லோரும் அவளைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தார்கள். சண்முகசுந்தரம் அவளைப் பார்க்கவேயில்லை. தாளோடு அறையை விட்டு வெளியே வந்து, நேராக அஸ்ஃபாக் மேஜைக்குப் போனார்.

"இன்னியிலேர்ந்து சோதனையை நீ பாத்துக்க. இதுல ஒரு கையெழுத்து போடு."

அஸ்ஃபாக் தாளைப் பார்த்தான். வீட்டில் கைக்குழந்தை. துபாயிலிருக்கும் அண்ணன், அவன் நானா, இங்கே கிழித்தது போதும் கிளம்பி வா என்று வாராவாரம் கூப்பிடுகிறார். ஊரை விட்டுப் போகாமல் இருப்பதற்கு அவனுக்கு இருந்த ஒரே சாக்கு இந்த நாற்காலிதான். தலையைச் சொறிந்தான்.

"போடுறேன் சார்" என்றான்.

சிவப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க ஒரு தடவை அதைத் திறந்துட்டீங்கன்னா போட்டுடுறேன்."

"என்னது?"

"ப்ரியா அனுப்புனது சார். ஒரே தட்டுதானாம்."

சண்முகசுந்தரத்தின் காது சிவந்தது. தாளைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார். அங்கே உட்கார்ந்திருந்தவன், அம்மா அழுது திரும்பி வந்த அந்தப் பையன். அவன் எழுந்து நின்றான்.

"நீங்க திறங்க சார். போடுறேன்."

"உனக்குமா? உங்கம்மாவை வந்து பாக்கட்டுமா நான்?"

"பாருங்க சார். நீங்க வந்தா, திறங்கன்னு கேக்கச் சொல்லி அம்மாகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நபீசா அவர் வருவதற்குள்ளேயே, "எனக்குச் சோதனையைப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். இருந்தாலும் திறங்க" என்றாள்.

"என்ன, எல்லாரும் சேந்து என்னைப் பயந்தவன்னு சொல்றீங்களா? நான் கட்டின கம்பெனியில நின்னுக்கிட்டு?" என்று கத்தினார் அவர். அறைக்குள் போய் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நபீசாவின் மேஜையில் வைத்தார். "பாத்துக்கங்க. எல்லாரும் பாத்துக்கங்க."

தட்டினார்.

எல்லாரும் அவர் பின்னால் கூடிவிட்டார்கள். திரையில் ஒரு வரி வந்தது.

'கூப்பிட்டீங்க, வந்துட்டேன். – சுந்தராம்பாள்.'

அவர் காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். வேறு எதுவும் வரவில்லை. பிறகு பெருமூச்சு விட்டுப் பெரிதாகச் சிரித்தார்.

"இதுக்குத்தானா? ஒரு வரி! என்ன ஆச்சு? மெஷின் வெடிச்சுதா? வா இங்க. அப்பா எதிர்ல சொன்னியே, திறந்தா போடுறேன்னு. திறந்துட்டேன். போடு."

"போடுறேன் சார்" என்றாள் சிவப்ரியா.

"ப்ரியா!" என்றான் அஸ்ஃபாக்.

"சொல்லியிருக்கேண்ணே. சொன்னா போடணும்ல."

அவள் தாளை வாங்கி மேஜையில் வைத்தாள். பேனாவைத் திறந்தாள். 'தெரிந்த பாதுகாப்புக் குறைகள்: இல்லை' என்ற வரியில், இல்லை என்பதை ஒரே கோட்டில் அடித்தாள். மேலே 'உண்டு' என்று எழுதினாள். அதற்குப் பக்கத்தில், இடுக்கி இடுக்கி, எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தாள்: "வேலையின் பெயரில் யார் எந்தக் கட்டளையை ஒட்டி அனுப்பினாலும், திறப்பவரின் கணினி அதைச் செய்யும். இன்று காலை நிறுவன உரிமையாளரின் கணினியிலேயே, எல்லார் முன்னிலையிலும், செய்தது. சரிசெய்ய மூன்று வாரம் தேவை." கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து போட்டாள். வை. சிவப்ரியா.

"இந்தாங்க சார்."

அவர் படித்தார். நின்றபடியே இரண்டாம் தடவை படித்தார்.

"கிழிச்சுடுவேன்."

"கிழிங்க சார். ஒரு வரிதான் வந்துச்சு. ஏன்னா அனுப்பினது நான். சுந்தராம்பாள் இப்ப யார் கூப்பிட்டாலும் வந்துடுவாங்க. அதைத்தான் எழுதியிருக்கேன்."

அவர் தாளை இரண்டாகக் கிழித்தார். நாலாகவும் கிழித்தார். நபீசாவின் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூலையில் இருந்த பிரிண்டர் கரகரவென்று உறுமியது. பெங்களூர்க்காரர்கள் தாளை மெயிலில் அனுப்பியபோது எல்லாருக்கும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். அஸ்ஃபாக் புதுத் தாளோடு வந்தான்.

"ப்ரியா, அந்தப் பேனாவைக் குடு. இல்லைங்கிறதை எப்படி அடிச்சே? ஒரு கோடா, ரெண்டா?"

"ஒண்ணு போதும்ணே. அடியில இருக்கிறது தெரியணும்."

"துபாய்ல வெயில் ஜாஸ்திங்கிறாங்க" என்றபடி அவன் கோட்டை இழுத்தான். அவள் எழுதியதையே எழுதினான். கையெழுத்து போட்டான். பக்கத்தில் அந்தப் பையன் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"எத்தனை கிழிப்பாரு?" என்றாள் நபீசா.

"தாள் எவ்வளவு இருக்கு?" என்றான் அஸ்ஃபாக்.

"ஒரு கட்டு பிரிக்காம இருக்கு."

"அப்பப் போதும்."

அறைக் கண்ணாடிக்குப் பின்னால் சண்முகசுந்தரம் போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். யாருக்குப் பேசுகிறார் என்று தெரியவில்லை. சிவப்ரியா தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள். தோணியின் நிரலைத் திறந்தாள். பேரை வாங்கி மெஷினிடம் கொடுக்கிற முதல் இடத்தைத் தேடிப் பிடித்துத் திருத்தத் தொடங்கினாள். அஸ்ஃபாக் தன் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அறைக் கதவு திறந்தது.

"யார் ஆரம்பிக்கச் சொன்னது இந்த வேலையை?" என்றார் சண்முகசுந்தரம்.

"யாரும் சொல்லல சார்" என்றாள் சிவப்ரியா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.